வீட்டு மின்சாரப் பலகையைப் புதுப்பித்தலும் அதற்காகும் செலவும்

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது குடியானவனுக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டிய பாடமன்று. கண்மாய்க் கரையில் ஒரு நண்டு வளையைக் கண்டால் அன்று மாலைக்குள் அதை அடைத்துவிட்டே வீடு திரும்புகிறான். மடைப்பலகை இற்றுப்போனால் தண்ணீர் திறக்குமுன் புதுப்பலகை செய்து மாட்டுகிறான். ஆயினும் அதே குடியானவன், தன் வீட்டு நடையின் சுவரிலே மாட்டியுள்ள மின்சாரப் பலகை விளிம்பு கருகி, மூடி உடைந்து, கம்பி வெளியே தெரிய நிற்பதை ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டு வாளா இருக்கிறான். கேட்டால், "செலவு அதிகமாகும், அறுவடை முடியட்டும்" என்பான். அறுவடை முடியும், பலகை மட்டும் அப்படியே இருக்கும்.

பயிருக்கும் உரத்துக்கும் யோசனை சொல்ல வேண்டியவன் மின்சாரத்தைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என நேயர்கள் வினவலாம். செயல்விளக்க வயல்களின் நிமித்தம் மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில் பல ஆண்டுகளாகச் சுற்றி வருபவன் நான். போகும் வீடுகளிலெல்லாம் திண்ணையில் அமர்கிறேன். அமர்ந்த இடத்திலிருந்து பலகை கண்ணிற்படுகிறது. அன்றியும், என் சொந்த வீட்டில் என் சொந்த அசட்டையால் நேர்ந்த ஒரு நஷ்டம் உண்டு. அதனை மறையாது சொல்லுவது பிறருக்குப் பயன்படுமென்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

மின்சாரம் நம்மிடம் வந்த விதம்

தமிழ் நாட்டில் நீர்விசையால் மின்சாரம் பெருவாரியாக உற்பத்தியாகத் தொடங்கியது 1932-ஆம் ஆண்டில், நீலகிரியில் அமைந்த பைக்காரா நிலையத்திலே. பின்னர் 1937-இல் மேட்டூரும், 1944-இல் பாபநாசமும் சேர்ந்தன. நம் ஜில்லாவின் வயல்களை நனைக்கும் பெரியாற்று நீரும் இத்தொண்டில் பங்குகொண்டதே. பென்னிகுவிக் துரையின் முயற்சியால் 1895-இல் முடிவுற்ற அவ்வணையின் நீர், மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் மின் நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு, வைகை அணைக்கு வந்து, அதன் பின்னரே நம் கால்வாய்களில் ஓடுகின்றது. நமக்கு நெல் தரும் நீரே விளக்கும் தருகிறது எனின் மிகையாகாது.

1957-இல் மின்சார வாரியம் ஏற்பட்டபின் கிராமந்தோறும் கம்பிகள் சென்றன. கிணறுதோறும் மோட்டார்கள் ஏறின. 1990 முதல் விவசாய மோட்டார்களுக்கு மின்சாரம் விலையின்றியே அளிக்கப்பட்டு வருகிறது. இவ்வாறாகக் கிணற்று மோட்டாரை இரண்டு மூன்று முறை மாற்றிவிட்ட வீடுகளிலும், தகப்பனார் காலத்தில் பொருத்திய வீட்டுப்பலகை மட்டும் மாறாமல் நிற்கக் காண்கிறோம். மதுரை நகரிலும் மாசி வீதிகளையும் ஆவணி மூல வீதிகளையும் சூழ்ந்த பழைய சந்துகளில், பாகம் பிரிந்த வீடுகள் பலவற்றின் நிலைமை இதுவே.

பழைய பலகையின் நிலைமை

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராம வீட்டுக்கு வேண்டியிருந்த மின்சாரம் எவ்வளவு? 60 வாட் விளக்குகள் ஐந்து, மின்விசிறிகள் இரண்டு, ஒரு ரேடியோ. யாவும் ஒருங்கே ஓடினும் 500 வாட்டை எட்டுவது அரிது. அஃதாவது சுமார் 2 ஆம்பியர். அதற்கேற்ப மெல்லிய கம்பியைத் தேக்குச் சட்டத்தின்மேல் தகரக் கிளிப்புகளால் பிணைத்து, மரப்பெட்டியின்மேல் கறுப்பு ஸ்விட்சுகளைப் பொருத்தி, இரண்டு பீங்கான் பியூஸ் கட்டைகளையும் ஓர் இரும்பு மெயினையும் வைத்தார்கள். தாமிரத்துக்குப் பதில் அலுமினியக் கம்பி போட்ட வீடுகளும் அநேகம். அக்காலத்துக்கு அது குறைவற்ற வேலையே.

இன்றோ அதே கம்பியில் குளிர்ப்பெட்டியும், கிரைண்டரும், மிக்சியும், தொலைக்காட்சியும் ஓடுகின்றன. இஸ்திரிப்பெட்டி 1,000 வாட். அது மட்டுமே 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வெந்நீர்க் கொதிகலம் 2,000 வாட். ஏறக்குறைய 9 ஆம்பியர். தொட்டிக்கு நீரேற்றும் ஒரு குதிரைசக்தி மோட்டார் சுமார் 6 ஆம்பியர். காலை வேளையில் இவை ஒன்றாய் ஓடுங்கால் 20 ஆம்பியரைத் தாண்டுவதில் ஐயமில்லை. மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும் என்பது விதி. இரண்டு ஆம்பியருக்கென்று வைத்த வழியில் இருபது ஆம்பியர் சென்றால் என்ன ஆகும் என்பதை நேயர்களே கணக்கிடலாம். சிறு வாய்க்காலில் பெருமடைத் தண்ணீரைத் திறந்துவிட்டால் கரை உடைவதுபோல, இங்கே கம்பியின் மேலுறை உருகி உடைகிறது.

சுமை தாளாமல் பியூஸ் எரிந்துபோகும்போது நாம் செய்வது யாது? அளவறிந்த பியூஸ் கம்பியைத் தேடுவதில்லை. கையிற்கிடைத்த ஒயரை உரித்து, இரண்டு மூன்று தாமிர இழைகளை முறுக்கிக் கட்டிவிடுகிறோம். பிறகு அது எரிவதே இல்லை, நமக்கும் சந்தோஷம். காவற்காரனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு, இரவில் அவன் கூச்சல் போடவில்லை என்று மகிழ்வதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

என் வீட்டில் நேர்ந்த நஷ்டம்

மேலூர்ச் சாலையிலுள்ள ஒரு கிராமத்தில் என் தகப்பனார் கட்டிய ஓட்டு வீடு எங்களுடையது. சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலுக்காக வெள்ளையடிக்க முற்பட்டபோது, எங்கள் ஊர் ஒயர்மேன் பலகையைப் பார்த்துவிட்டு, "ஐயா, வர்ணம் அடுத்த வருஷம் பூசிக்கொள்ளலாம், இதை முதலில் மாற்றுங்கள். எர்த் என்பதே இந்த வீட்டில் இல்லை" என்றார். அவர் சொன்ன தொகை எனக்கு அதிகமாகப்பட்டது. "இத்தனை நாள் ஓடியது, இன்னும் ஒரு வருஷம் ஓடாதா?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சுவருக்கு வர்ணம் பூசினேன். பியூஸ் அடிக்கடி போகிறதென்று நானே இரண்டு இழை சேர்த்துக் கட்டினேன்.

மாட்டுத் தொழுவத்துக்கு அந்தப் பலகையிலிருந்தே ஒரு கம்பி இழுத்து, விளக்கு ஒன்றும், தட்டை வெட்டும் இயந்திரத்துக்கு ஒரு பிளக்கும் வைத்திருந்தோம். கம்பி தொழுவத்தின் இரும்புக் குழாய்த் தூணைத் தொட்டுச் சென்றது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட காலத்தில், எங்கள் கறவைப்பசு மூன்று நாள் தொழுவத்துக்குள் நுழைய மறுத்தது. தூணருகிலிருந்த தொட்டியில் வாய் வைக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டது, பாலும் குறைந்தது. செரியாமை என்று எண்ணி மிளகும் வெற்றிலையும் அரைத்துக் கொடுக்கச் சொன்னேன். ஊராருக்குக் கால்நடை வளர்ப்பில் யோசனை சொல்லும் எனக்கு, அம்மாடு சொல்லியது விளங்கவில்லை.

நான்காம் நாள் விடியற்காலையில் பால் கறக்கப் போன என் மனைவி, பசு தூணடியில் விழுந்து கிடப்பதைக் கண்டு, அதைத் தொட ஓடினாள். பின்னால் வந்த பண்ணையாள் கையைப் பிடித்து இழுத்து, "தொடாதீங்க அம்மா" என்று கத்தியிராவிடில் இக்கட்டுரையை எழுதும் மனநிலை எனக்கு இருந்திராது. மெயினை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். தூணில் உராய்ந்து ஒயரின் உறை தேய்ந்திருந்தது. பலகையில் நான் கட்டிய பியூஸ் அப்போதும் எரியாமல் பத்திரமாக இருந்தது.

பியூஸ் ஏன் காக்கவில்லை

இதுவே பலரும் அறியாத விஷயம். ஆதலின் சற்று விரித்துரைக்கிறேன். பியூஸ் என்பது கம்பியைக் காப்பாற்ற ஏற்பட்டது. உயிரைக் காப்பாற்ற ஏற்பட்டதன்று. 5 ஆம்பியர் என்று குறித்த பியூஸ் கம்பி உருகுவதற்கு ஏறக்குறைய அதன் இருமடங்கு மின்னோட்டம் வேண்டும். என் தொழுவத்தில் தூணுக்கு வந்த மின்சாரம் ஈரமண் வழியே மட்டும் திரும்ப வேண்டியிருந்தது. மண்ணின் தடை 60 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட்டுக்கு ஓடுவது 4 ஆம்பியருக்கும் குறைவே. சரியான பியூஸ் இருந்திருந்தாலும் அது உருகியிராது. நான் முறுக்கிய இழைகளோ கேட்க வேண்டியதே இல்லை.

உயிர் போக எவ்வளவு வேண்டும்? கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் என்பவர், தாமே முன்வந்த ஆரோக்கியமான ஆடவர் பெண்டிரைக் கொண்டு இதனைச் சோதித்தார். பிடித்த கம்பியைத் தாமாக விடக்கூடிய எல்லை ஆடவருக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்டிருக்குச் சுமார் 10½ மில்லி ஆம்பியர் என்று கண்டார். அதற்குமேல் கை தானே இறுகிக்கொள்ளும். மில்லி ஆம்பியர் என்பது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 60 வாட் விளக்கு எரிய 260 மில்லி ஆம்பியர் வேண்டும். மனிதன் இருதயம் நின்றுபோக அதிற் பாதிகூட வேண்டியதில்லை. ஆயின் 5 ஆம்பியர் பியூஸ் எவ்வாறு நம்மைக் காக்கும்?

கால்நடைகளின் நிலை இன்னும் அபாயகரமானது. மனிதன் காலில் செருப்பு உண்டு. இரு பாதங்களும் அருகருகே நிற்கும். மாடோ ஈரத்தரையில் வெறுங்குளம்புடன் நிற்பது. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி பெரிது. அவ்விடைவெளியிலே இருதயம் உள்ளது. நாம் சிறிதும் உணராத கசிவை மாடு உணரும். இரும்புத் தொட்டியில் கசிவு உண்டானால் நீர் அருந்த மறுப்பதும், கறவை குறைவதும் மேல்நாட்டுப் பால்பண்ணைகளிலும் கண்டறிந்த உண்மை. காரணமின்றி மாடு தொழுவத்துக்குள் வர மறுத்தால், வைத்தியனைக் கூப்பிடும்போதே மெயினையும் நிறுத்திப் பார்ப்பது நலம்.

மூன்று காவல்கள்

புதிய பலகை என்பது பளபளப்பான ஸ்விட்சுகளைக் குறிப்பதன்று. அதற்குள்ளே மூன்று காவல்கள் இருத்தல் வேண்டும்.

முதலாவது, எம்.சி.பி. எனப்படுவதும் நம் மக்கள் 'டிரிப்பர்' என்பதுமான தானியங்கி விசை. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் வந்தால் இது தானே விழுந்துவிடும். இதில் இழை முறுக்கிக் கட்ட வழியில்லை என்பதே இதன் பெருஞ்சிறப்பு. விசையின் அளவு கம்பியின் அளவை ஒட்டி இருக்கவேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பிக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5-க்கு 16 ஆம்பியர், 4-க்கு 20 ஆம்பியர் என வைப்பது வழக்கம். அடிக்கடி விழுகிறதென்று பெரிய விசையை மாற்றி வைப்பது, பழைய இழை முறுக்கும் புத்தியின் புது அவதாரமே.

இரண்டாவது, ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவுக் காவல். வீட்டுக்குள் சென்ற மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் சமமா என்று இது ஓயாது எடை பார்க்கிறது. இரண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் ஏற்பட்டால், எங்கேயோ ஓர் உடலின் வழியாகவோ சுவரின் வழியாகவோ கசிகிறது என்று கொண்டு, ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்குக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. என் பசுவைக் காத்திருக்கக்கூடியது இது ஒன்றே. எம்.சி.பி. கசிவை அறியாது, ஆர்.சி.சி.பி. மிகைச்சுமையை அறியாது. ஒன்றிருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று கூறும் வேலையாளை நம்புதல் தகாது.

மூன்றாவது, எர்த் என்னும் நில இணைப்பு. இரும்பு உடல் கொண்ட ஒவ்வொரு கருவியிலிருந்தும் பச்சை ஒயர் பலகைக்கு வந்து, அங்கிருந்து குழிக்குச் செல்லவேண்டும். பழங்காலத்தில் தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதுண்டு. இப்போது குழாய்கள் பிளாஸ்டிக்காகிவிட்டமையால் அது வெறும் பாவனையே. நியூட்ரல் ஒயரையே எர்த் துளையில் இணைத்துவிடுவது இன்னும் கொடிது. நியூட்ரல் ஓரிடத்தில் அறுந்தால் குளிர்ப்பெட்டியின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும்.

செலவுக் கணக்கு

இனி யாவரும் எதிர்பார்க்கும் கணக்குக்கு வருவோம். கூடம், இரண்டு அறைகள், சமையற்கட்டு, குளியலறை, தொழுவம், ஒரு சிறு மோட்டார் உள்ள வீட்டுக்கு நான் விசாரித்தறிந்த உத்தேச மதிப்பீடு பின்வருமாறு. கடைக்குக் கடையும், தாமிர விலையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பவும் இது மாறும்.

முதற் படி: பலகையும் காவல்களும்
இரும்புப் பெட்டி, எட்டு விசைக்கு இடமுள்ளது: ரூ. 1,500 முதல் 2,500 வரை
மெயின் விசை, இருமுனை 40 ஆம்பியர்: ரூ. 600 முதல் 1,000 வரை
கசிவுக் காவல், 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர்: ரூ. 2,000 முதல் 3,000 வரை
டிரிப்பர் விசைகள் ஆறு: ரூ. 900 முதல் 1,800 வரை
எர்த் குழி, குழாய், கம்பி: ரூ. 3,000 முதல் 6,000 வரை
கூலி: ரூ. 2,500 முதல் 4,000 வரை
ஆகத் தொகை: ரூ. 10,500 முதல் 18,300 வரை

இரண்டாம் படி: வீடு முழுதும் கம்பி மாற்றல்
90 மீட்டர்ச் சுருள்கள், 1.5 அளவில் நான்கு, 2.5 அளவில் இரண்டு, 4 அளவில் ஒன்று: ரூ. 19,600 முதல் 26,300 வரை
குழாய், பெட்டி, ஸ்விட்சு, பிளக்கு: ரூ. 10,000 முதல் 15,000 வரை
கூலி: ரூ. 15,000 முதல் 25,000 வரை
சுவர் பூச்சு மராமத்து: ரூ. 5,000 முதல் 8,000 வரை
ஆகத் தொகை: ரூ. 49,600 முதல் 74,300 வரை

இரண்டையும் கூட்டி அறுபதாயிரம் தொண்ணூறாயிரம் என்று கேட்டவுடன்தான் குடியானவர்கள் மலைத்துப் பின்வாங்குகின்றனர். நானும் அவ்வாறே பின்வாங்கினேன். ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் உண்மை வேறு. உயிரைக் காக்கும் பகுதி முதற்படி. அது மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே. அதிலும் கசிவுக் காவலின் விலை ஒரு மூட்டை நெல்லின் விலையை ஒட்டியதே. கையில் முழுத்தொகை இல்லாதவர் முதற்படியை இவ்வாண்டும், இரண்டாம் படியை அறைக்கு அறையாக வரும் ஆண்டுகளிலும் செய்துகொள்ளலாம். ஸ்விட்சுகளின் அழகைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பலரோ இதனைத் தலைகீழாகச் செய்து, வழுவழுப்பான ஸ்விட்சுகளுக்குப் பதினாயிரம் செலவிட்டுவிட்டு, எர்த் குழிக்கு மூவாயிரம் கேட்டால் முகம் சுளிக்கின்றனர். என் பசுவின் விலை மட்டுமே முதற்படியின் செலவைப்போல் மூன்று மடங்கு இருந்தது.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். மிகப் பழைய ஒயரிங்கின்மேல் கசிவுக் காவலை வைத்தால் அது மழை நாட்களில் ஓயாது விழக்கூடும். உடனே, "இது மோசமான சாமான்" என்று கழற்றி நேராக இணைக்கச் சொல்லுவார்கள். அது சாமானின் குற்றமன்று. சுவருக்குள் கசிவு இருக்கிறது என்று அது கூறும் செய்தி. ஆதலின் வேலை தொடங்குமுன் 500 வோல்ட் மெக்கர் கருவியால் ஒயரிங்கைச் சோதித்தல் வேண்டும். ஒரு மெக் ஓமுக்குக் குறைந்து காட்டும் கிளையை மட்டும் முதலில் மாற்றினால் போதுமானது. பெரும்பாலும் குளியலறை, சமையற்கட்டு, தொழுவம் ஆகிய ஈரப்பாங்கான இடங்களின் கிளையே அவ்வாறு இருக்கும்.

எர்த் குழியும் மண்ணின் குணமும்

இவ்விஷயத்தில் விவசாயிக்கு ஒயர்மேனைக்காட்டிலும் அதிகம் தெரியும். மின்சாரம் மண்ணுக்குள் செல்வது ஈரத்தின் வழியே. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் கோடையில் பிளந்து குழாயை விட்டு விலகி நிற்கும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் ஈரத்தை விரைவில் இழக்கும்; தடை அதிகம். ஆகவே சரளை நிலத்தார் குழியை ஆழமாக்க வேண்டும், அல்லது இரண்டு குழிகளை இணைக்க வேண்டும். கரிசல் நிலத்தார் வெடிப்பை மூடி நீர் விடவேண்டும்.

40 மில்லிமீட்டர் விட்டமும் இரண்டரை மீட்டர் நீளமும் உள்ள துத்தநாகம் பூசிய குழாயை நட்டு, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் மாறி மாறி இடுவது பழைய முறை. உப்பு குழாயை நாளடைவில் அரிக்கும். ஆதலின் சில ஆண்டுக்கொருமுறை தோண்டிப் பார்த்தல் வேண்டும். குளியலறைக் கழிவுநீர் செல்லும் வழிக்கு அருகே குழி அமைந்தால் ஈரம் தானே நிலைக்கும். சித்திரை வைகாசியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது நலம். நன்செய்க்கு மடை திறக்கும் கை, இக்குழிக்கு ஒரு குடம் ஊற்றச் சோம்பலாகாது. எர்த் எவ்வளவு சுமாராக இருந்தாலும் கசிவுக் காவல் வேலை செய்யும் என்பது உண்மையே. 100 ஓம் தடையிலும் 2 ஆம்பியருக்கு மேல் கசியுமாதலால், 30 மில்லி ஆம்பியருக்கே விழும் கருவி உடனே விழுந்துவிடும். சரளை நிலத்தாருக்கு இக்கருவி மேலும் இன்றியமையாதது என்பது இதனாற் பெறப்படும்.

எப்பொழுது, யாரைக் கொண்டு

பெரியாற்றுப் பாசனத்தில் தை மாத அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் மாசி பங்குனியே இவ்வேலைக்கு ஏற்ற பருவம். சுவர்கள் காய்ந்திருக்கும். மண்ணும் வறண்டிருக்குமாதலால், அப்போது அளந்த எர்த் தடையே உண்மையான தடை. கோடையில் நல்லதாயிருப்பது மழையில் கெடாது. ஐப்பசி மழை தொடங்குமுன் வேலை முடிந்திருக்கும்.

வேலையைத் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேனிடமே ஒப்புவித்தல் வேண்டும். சாமான்களில் இந்திய தர முத்திரை உள்ளதா எனப் பார்த்து, ரசீது பெற்று வைத்துக்கொள்க. கொதிகலமோ குளிர்சாதனமோ புதிதாகச் சேர்ப்பதால் சுமை கூடுமாயின், மின் பகிர்மானக் கழகத்தின் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்து அனுமதித்த சுமையை உயர்த்திக்கொள்க. மூன்று பேஸ் இணைப்பு வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டறியலாம். அதற்கான கட்டணம் மேலே கண்ட கணக்கில் சேராது. மீட்டருக்கு முன்னுள்ள கம்பியும் பியூஸும் கழகத்தாருடையவை. அவற்றில் நாமோ நம் ஒயர்மேனோ கைவைத்தலாகாது. கிணற்று மோட்டாரின் இலவச இணைப்பிலிருந்து வீட்டுக்கோ தொழுவத்துக்கோ கம்பி இழுப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அனுமதியற்ற உபயோகமாகும். அபராதத்துக்கு இடமாவதோடு, எந்தக் காவலும் இல்லாத மின்சாரத்தை வீட்டுக்குள் அழைப்பதுமாகும்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

ஊராட்சிக் கட்டிடம், சத்துணவுக் கூடம், அங்கன்வாடி, நூலகம், நியாயவிலைக் கடை ஆகியவற்றின் பலகைகளும் பெரும்பாலும் பழையவையே. குழந்தைகள் ஈரக்கையுடன் ஓடித் திரியும் இடங்களில் முதற்படியின் செலவை ஊராட்சியின் மராமத்துக் கணக்கில் முதலாவதாக வைத்தல் கடமை. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சிச் செயலரும் ஒருநாள் ஒயர்மேனுடன் அக்கட்டிடங்களைச் சுற்றிவந்து, எர்த் உண்டா, கசிவுக் காவல் உண்டா என்ற இரண்டே கேள்விகளுக்கு விடை குறித்தால் போதும். ஊரில் ஒரு பொதுக் கட்டிடம் முறைப்படி அமைந்தால், அதைக் கண்டு வீட்டார் தாமே பின்பற்றுவர். செயல்விளக்க வயலின் தத்துவம் இதுவே.

முடிவுரை

பசு இறந்த பின்னர்தான் என் வீட்டில் முதற்படி வேலை நடந்தது. முன்பு நான் திருப்பி அனுப்பிய அதே ஒயர்மேனே வந்து செய்தார். "அன்றைக்கே சொன்னேனே" என்று அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு தொழுவத்துக்கும் சமையற்கட்டுக்கும் கம்பி மாற்றினோம். கூடத்தில் இன்னும் பழைய ஸ்விட்சுகளே உள்ளன, அவற்றால் கேடில்லை. இப்போதுள்ள கன்று ஈன்ற பசு அதே தூணில்தான் கட்டுண்டு நிற்கிறது. தூணுக்குப் பச்சை ஒயர் ஒன்று செல்கிறது.

கசிவுக் காவலின் முகப்பில் 'டி' என்று குறித்த ஒரு சிறு பித்தான் உண்டு. அதனை அழுத்தினால் விசை உடனே விழவேண்டும். விழாவிட்டால் கருவி செத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று பொருள். மாதம் ஒருமுறை இதனைச் சோதித்தல் நன்று. மாதந்தோறும் நினைவு வைத்துக்கொள்வது எப்படி எனில், இவ்விதழ் கைக்கு வந்து சேரும் நாளையே அதற்கு நாளாகக் கொள்ளலாம். பித்தான் உள்ளவர்கள் எழுந்து சென்று அதை அழுத்திப் பார்ப்பாராக. இல்லாதவர்கள் வரும் மாசிக்குள் ஒன்றைப் பொருத்திக்கொள்வாராக.